பாஸ்போர்ட் போட்டோ ஏன் திரும்பி வருகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி" என்று கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "எதுக்குங்க?" என்றுதான். சிலருக்கு அது தேவையில்லாத விசாரிப்பாகப் படும். ஆனால் இத்தனை வருடம் ஸ்டூடியோ நடத்தியதில், திரும்பி வந்த படங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எடுத்தவைதான்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்கேயே விண்ணப்பிக்கும் பெரியவர்களுக்குப் போட்டோவே வேண்டாம். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் உட்கார வைத்து அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். 4 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும், வெள்ளைப் பின்னணியில் 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம் உள்ள படம் கொண்டுபோக வேண்டும். மற்றபடி போட்டோ தேவைப்படுவது பெரும்பாலும் விசாவுக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதற்கும்தான். இலங்கையில் நடைமுறை வேறு. அங்கே குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் எடுத்தால், படத்தை அவர்களே கணினி வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாம் பாஸ்போர்ட் சைஸ் என்று சொல்லும் 35 × 45 மி.மீ. ஷெங்கன் விசாவுக்கும் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) சிங்கப்பூருக்கும் சரி. அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம் வேண்டும், அதாவது 51 × 51 மி.மீ. சீன விசாவுக்கு 33 × 48. கனடா பாஸ்போர்ட்டுக்கு 50 × 70. தாளின் அளவு பொருந்திவிட்டாலே போதும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதிகாரிகள் அளப்பது தாளுக்குள் இருக்கும் முகத்தை. அமெரிக்கப் படத்தில் தாடையின் அடியிலிருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மி.மீ. இருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 29 முதல் 34. வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்கள் 2025 செப்டம்பரிலிருந்து 630 × 810 பிக்சல் படம் கேட்கின்றன. அதில் முகம் 80 முதல் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். மார்பு வரை தெரிய எடுத்த பழைய படத்தை எடுத்துப் போனால், தாள் சரி, முகம் சின்னது.

இன்னொரு விபரீதமும் நடக்கும். 35 × 45 படத்தை அமெரிக்க விசாவுக்காகக் கணினியில் இழுத்துச் சதுரமாக்குவார்கள். உயரம் அப்படியே இருக்க, முகம் மட்டும் அப்பளம் போல் அகன்றுவிடும். ஒரு கல்லூரிப் பையன் அப்படி ஒரு படத்தை என்னிடம் காட்டி, "அண்ணா, இது நான்தானா?" என்று கேட்டான். இழுக்கக் கூடாது, முதலிலிருந்தே சதுரத்துக்கு எடுக்க வேண்டும். அதற்குப் பக்கவாட்டில் இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவு கறார் ஏன் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தை மனிதர்கள் மட்டுமல்ல, இயந்திரமும் பார்க்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதிகளை ஒட்டித்தான் நாடுகள் பாஸ்போர்ட் அச்சிடுகின்றன. சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் 2025 மார்ச் முதல் தரும் இ-பாஸ்போர்ட்டில் சிப் இருக்கிறது, அதற்குள் உங்கள் முகமும் இருக்கிறது. வெளிநாட்டு விமான நிலையக் கேமரா உங்கள் கண், மூக்கு, வாய் அமைந்திருக்கும் விதத்தை அந்தப் படத்தோடு ஒப்பிடுகிறது.

அதனால்தான் டச்-அப் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "கொஞ்சம் கலரா ஆக்கிடுங்க" என்று கேட்காதவர் குறைவு. கேட்காவிட்டாலும் தாங்களே வெளுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோக்கள் நிறைய. மாநிறத்து முகத்தை வெளுத்தால் என்ன ஆகிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்குத்தண்டின் நிழல் போய்விடும், கன்னத்தின் மேடு பள்ளம் தட்டையாகும், மச்சம் மறையும். அந்த முகத்தை முகமாக்கிய அத்தனையும் அழிந்துவிடும். அமெரிக்க விதி இதை நேராகவே சொல்கிறது: மென்பொருள், போன் செயலி, ஃபில்டர், செயற்கை நுண்ணறிவு எதைக் கொண்டும் படத்தை மாற்றக் கூடாது. கறுப்பு முகம் கறுப்பாகவே தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்குத் தேவை வெளிச்சம், வெளுப்பு அல்ல. உங்கள் நிறத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், யாராவது கூட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது சட்டை. மகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெரியவர் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தும்பைப் பூ மாதிரித் தலைமுடி. வேறு கடையில் எடுத்த படம் கையில் இருந்தது. பின்னணியைக் கணினியில் வெட்டி வெள்ளையாக்கியிருந்தார்கள், கூடவே முடியும் தோளும் போய்விட்டன. நெற்றியும் கண்ணும் தாடையும் மட்டும் வெறும் தாளில் மிதந்தன. ஆணியில் தொங்கிய என் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்து, "ஐயா, இதைப் போட்டுக்கங்க" என்றேன். "அம்பது வருஷமா கலர்ச் சட்டை போட்டதில்லையே தம்பி" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேத்தியைப் பாக்கணுமே" என்று போட்டுக்கொண்டார். சுவருக்குப் போகும் விளக்கைக் குறைத்தேன். முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் பின்னணி வெள்ளைதான், அங்கேயும் அடர்நிறச் சட்டையோடு போவது நல்லது. வெள்ளைத் துப்பட்டாவுக்கும் இதே கதைதான். மத வழக்கப்படி தலையை மூடலாம், ஆனால் நெற்றி முதல் தாடை வரை, முகத்தின் இரு ஓரங்களும் தெரிய வேண்டும்.

நிழல் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் முதுகை ஒட்டி நின்றால், காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை விழும். சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி உட்காருங்கள். விளக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வீட்டில் எடுப்பதென்றால் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், பக்கவாட்டில் நின்றால் பாதி முகம் இருண்டுவிடும். எண்ணெய் வழியும் நெற்றியை உலர்ந்த துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். பொட்டு வைத்ததற்காகத் திரும்பி வந்த படத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் கல் பொட்டும் கல் மூக்குத்தியும் ஃப்ளாஷில் மின்னும். தலைக்கு மேலே எட்டிப் பார்க்கும் மல்லிகைச் சரத்தை ஐந்து நிமிஷம் எடுத்து வைத்துவிடலாம்.

கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் அனுமதிப்பதில்லை, மற்ற நாடுகளிலும் கழற்றினால் வம்பில்லை. பல் தெரியச் சிரிக்க வேண்டாம், வாய் மூடியிருக்கட்டும். அமெரிக்க விசாவுக்குப் படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய விசாவில் இருக்கும் அதே படத்தை மறுபடி கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கைக்குழந்தைகளுக்குத்தான் பொறுமை வேண்டும். அம்மா மடியில் வைத்து எடுத்தால் விரலோ புடவைத் தலைப்போ படத்துக்குள் வந்துவிடும். நான் கட்டிலில் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பைப் போட்டு, குழந்தையைப் படுக்க வைத்து, மேலிருந்து எடுப்பேன். என் நிழல் குழந்தை மேல் விழாதபடி பார்த்துக்கொள்வேன். பால் குடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தால் கண் விழித்து நன்றாகப் பார்க்கும். கிலுகிலுப்பையை லென்ஸுக்கு நேர் மேலே ஆட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் ஆட்டினால் தலை திரும்பிவிடும். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டைத் துடைக்கச் சொல்லும்போது பாட்டிகள் முகம் சுண்டும். படம் எடுத்த கையோடு மறுபடி வைத்துவிடலாம் பாட்டி என்பேன்.

போனில் எடுப்பவர்கள் கை நீட்டி செல்ஃபி எடுக்க வேண்டாம். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிவிடும். ஐந்தடி தள்ளி நின்று வேறொருவர் பின்பக்கக் கேமராவில் எடுக்கட்டும். எடுத்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். அமெரிக்க விசா படிவத்தில் ஏற்றும் படம் 600 முதல் 1200 பிக்சல் வரை சதுரமாக, 240 கேபிக்குள் இருக்க வேண்டும்.

கடைசியில் பிரிண்ட். விளிம்பில்லாமல் அடிக்கும்போது பல பிரிண்டர்கள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடும். கணினியில் 35 மி.மீ. இருந்தது தாளில் 36 ஆகிவிடும். கடையை விட்டு இறங்கும் முன் ஸ்கேல் கேட்டு வாங்கி, தாளையும் அளந்து பாருங்கள், தாடையிலிருந்து உச்சி வரையும் அளந்து பாருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே இன்னொரு பிரிண்ட் போட்டுத் தருவார்கள்.