வெள்ளிக்கிழமைக் குழாம்: நண்பர்களோடு கூடித் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை

புத்தாண்டில் எடுத்த தீர்மானம் தை பிறப்பதற்குள் நீர்த்துப்போவதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. மாதச் சீட்டுத் தவணையை எப்பாடுபட்டேனும் கட்டிவிடுகிறவரே அதே தொகையை வீட்டு உண்டியலில் போட மறந்துவிடுகிறார். சீட்டில் மற்ற உறுப்பினர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற எண்ணம் வேலை செய்கிறது. உண்டியலுக்குக் கேட்பார் இல்லை. தன்னைத் திருத்திக்கொள்ள விரும்புகிறவரும் கேட்பாரை ஏற்படுத்திக்கொள்வதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1727இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அச்சுத் தொழில் செய்துவந்த, பின்னாளில் அந்நாட்டின் பெருந்தலைவர்களில் ஒருவரான 21 வயது பெஞ்சமின் பிராங்க்ளின், வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும் ‘ஜுன்டோ’ என்னும் குழாமை அமைத்தார். கண்ணாடி பொருத்துபவர், செருப்புத் தைப்பவர், தச்சர், நில அளவையாளர், வணிகரின் எழுத்தர் என்று உறுப்பினர்கள் பெரும்பாலும் உழைத்துப் பிழைத்தவர்கள். எண்ணிக்கை 12ஐத் தாண்டவில்லை. ஒருவர் கருத்தை மற்றவர் முகத்துக்கு நேரே மறுத்தாலோ, தன் கருத்தே முடிவானது என்று அடித்துப் பேசினாலோ சிறு அபராதம் விதிக்கப்பட்டது. அங்கே புத்தகங்களை ஒன்றுசேர்த்துப் படித்த பழக்கமே 1731இல் சந்தா நூலகம் ஒன்று உருவாக வழிவகுத்தது.

நமக்கு நான்கு முதல் ஆறு பேர் போதும். ஊர், தொழில், வயது ஆகியவற்றில் வேறுபட்டவர்களாகவும், தேவைப்பட்டால் இடித்துரைக்கத் தயங்காதவர்களாகவும் இருக்க வேண்டும். நெருங்கிய உறவினரைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை; பழைய பங்காளிக் கணக்குகள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். வேறுபட்டவர்கள் தேவை என்பதற்குப் பிராங்க்ளினின் வாழ்க்கையே சான்று. நீதியைத் தன் நற்பண்புப் பட்டியலில் எழுதி வைத்திருந்த அவர், நெடுங்காலம் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை விற்பனை விளம்பரங்களையும் தம் செய்தித்தாளில் அச்சிட்டார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக அவர் பொறுப்பேற்றது 1787இல், முதுமையில். பாதிக்கப்பட்டவர் உட்கார முடியாத கூட்டத்தில் சில கேள்விகள் எழுவதே இல்லை.

அடுத்தது விழுமியங்களை எழுதுவது. நேர்மை, பொறுமை என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் யாரும் தவறியதாகவே தெரியாது. பிராங்க்ளின் தம் பட்டியலில் ஒவ்வொரு பண்புக்கும் சுருக்கமான விதி ஒன்றைச் சேர்த்தார். முதலில் 12 பண்புகளே இருந்தன. பேச்சில் கர்வம் தெரிகிறது என்று குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சுட்டிய பிறகு பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. வாரத்துக்கு ஒரு பண்பில் தனிக் கவனம் செலுத்தினால் 13 வாரங்களில் ஒரு சுற்று முடியும்; ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். பண்புகளுக்கு வரிசைகளும் கிழமைகளுக்கு ஏழு பத்திகளுமாகக் கோடிட்ட குறிப்பேட்டில், தவறிய நாளில் கரும்புள்ளி வைத்தார். அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதால், பின்னர் ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார் என்பது எத்தனை புள்ளிகள் விழுந்தன என்பதைச் சொல்லும்.

நாம் 13 எழுத வேண்டியதில்லை, மூன்று போதும். நான் ‘பொறுமை’ என்பதை, ‘தொலைபேசியில் அம்மா பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதிருத்தல்’ என்று எழுதினேன். ஐந்து வாரங்களில் நான்கு செவ்வாய்க்கிழமைகளில் புள்ளி விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை, என் குறிப்பேட்டைப் புரட்டிய நண்பர்தான், “செவ்வாய்க்கிழமை என்ன சார் விசேஷம்?” என்று கேட்டார். அன்று ஊர்ச்சந்தை. அம்மா சந்தையிலிருந்து திரும்பியதும் அழைப்பார். நான் அப்போது பேருந்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேருந்திலிருந்து இறங்கி நானே அழைப்பதென்று மாற்றிக்கொண்ட பிறகு புள்ளிகள் குறைந்தன. என் குணத்தைப் பழித்துக்கொண்டிருந்த எனக்கு, நேரத்தை மாற்றினால் போதும் என்பது தோன்றவே இல்லை.

இலக்கு, இப்போதுள்ள திறமைக்குச் சற்று எட்டாததாகவும் வாரந்தோறும் நகர்வு தெரிவதாகவும் இருக்க வேண்டும். எங்கள் குழாமில் தையல் கடை நடத்தும் அக்கா ஒருவர், ‘கணினி கற்க வேண்டும்’ என்றுதான் முதலில் சொன்னார். பேசிப் பேசி அது, ‘13 வாரங்களுக்குள் கடையின் மூன்று மாத வரவு செலவை நானே கணினியில் பதிந்து கூட்டிப் பார்ப்பேன்’ என்று உருப்பெற்றது. எட்டாவது வாரத்தில் கூட்டுத்தொகை ஒத்துவராமல் அவர் விட்டுவிட நினைத்தபோது, எங்களில் ஒருவர் கடைக்கே சென்று பில் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

கூட்டத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். முதலில் ஒவ்வொருவரும் தம் புள்ளிகளைக் காரணம் சொல்லாமல் வாசிக்கட்டும். பிறகு மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம், அறிவுரை கேட்டால் ஒழியச் சொல்லக்கூடாது. இந்த விதியைக் காப்பது எவ்வளவு கடினம் என்பது முதல் கூட்டத்திலேயே விளங்கிவிடும். மீறுகிறவர் அன்றைய தேநீருக்குப் பணம் தரட்டும். வெளியே சொல்லக்கூடாதவை வெளியே போகாது என்பதை முதல் நாளே வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

சுற்று முடியும் வாரத்தில் குறிப்பேடுகளை ஒருவருக்கொருவர் மாற்றிப் படியுங்கள். எல்லா நாளும் வெறுமையாக இருக்கும் வரிசையை நீக்கிவிட்டு, புள்ளிகள் நிறைந்த வரிசையை அடுத்த சுற்றுக்கு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். பிராங்க்ளினுக்குக் கடைசிவரை வசப்படாதது, பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு.