காலிபர் இருந்தால் போதும், வீட்டிலேயே மின்னூல் சர்வர்

மின்னூல்கள் லேப்டாப்பில் கொஞ்சம், போனில் கொஞ்சம், பென்டிரைவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தால் படிப்பதே குறைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கணினியில் சேர்த்துவிட்டால் வீட்டில் யாரும் பிரவுசரிலேயே திறந்து படிக்கலாம். இதற்கு நான் பரிந்துரைப்பது காலிபர். கோவித் கோயல் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது, நூல்களை மற்ற கருவிகளின் பிரவுசருக்கு அனுப்பும் சர்வரும் இதற்குள்ளேயே இருக்கிறது. சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பே தாராளம்.

படி 1: காலிபரை நிறுவுங்கள். நூலக ஃபோல்டர் எங்கே என்று கேட்கும். அந்தக் கணினியின் சொந்த டிஸ்க்கையே காட்டுங்கள். கூகுள் டிரைவ் போல ஒத்திசைக்கும் ஃபோல்டரோ நெட்வொர்க் டிரைவோ வேண்டாம், நூல் விவரங்கள் இருக்கும் தகவல்தளக் கோப்பு கெட்டுப்போகலாம்.

படி 2: நூல்களை இழுத்துப் போடுங்கள். கையில் எதுவும் இல்லையென்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலும் இலவசமாகவே எடுக்கலாம். ஈபப் வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள். பிடிஎஃப் பக்கம் போன் திரைக்கு ஏற்ப மடங்காது, தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் வலிக்கும்.

படி 3: சர்வரை ஓடவிடும் முன் பெயர்களைச் சரிசெய்யுங்கள். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் வேலை இது, ஆனால் நூலகம் பயன்படுவதும் படாததும் இதில்தான் இருக்கிறது. ஒரு கோப்பில் ‘கல்கி’, இன்னொன்றில் ‘கல்கி கிருஷ்ணமூர்த்தி’, மற்றொன்றில் ஆங்கில எழுத்தில் என்று இருந்தால் காலிபர் மூன்று பேராகத்தான் எண்ணும். இடப்பக்கப் பட்டியலில் ஆசிரியர் பெயர்மேல் வலது கிளிக் செய்து, ரீநேம் கொடுத்து, ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள், தானே ஒன்றாகிவிடும். தொடர் நாவல்களுக்கு சீரீஸ் கட்டத்தில் பாக எண்ணும் போடுங்கள். அப்போதுதான் மூன்றாம் பாகம் முதலில் வந்து நிற்காது.

படி 4: கனெக்ட்/ஷேர் பொத்தானில் ‘ஸ்டார்ட் கன்டென்ட் சர்வர்’. விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அதே பொத்தானின் மெனுவில் இப்போது 192.168.1.10:8080 மாதிரி ஒரு முகவரி தெரியும். அதே வைஃபையில் உள்ள போனின் பிரவுசரில் அதை அடித்தால், சரி, நூலகம் திறந்துவிடும். முகவரி அடிக்கடி மாறினால் ரவுட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். கணினி தூங்கப் போகாதபடி பவர் அமைப்பையும் மாற்றுங்கள்.

படி 5: ப்ரிஃபரன்சஸில் ‘ஷேரிங் ஓவர் த நெட்’ பகுதிக்குப் போய் ஒவ்வொருவருக்கும் பயனர் கணக்கு உருவாக்கி, கடவுச்சொல் கேட்கும் தேர்வை டிக் செய்து, சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள். குழந்தைகளுக்குத் தனி நூலகம் வைத்து, அவர்கள் கணக்குக்கு அதை மட்டும் காட்டவும் முடியும்.

வெளியூரில் இருந்தும் படிக்க வேண்டுமா? ரவுட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிடாதீர்கள். உலகம் முழுக்க அந்தக் கதவைத் தட்டும். உங்கள் கருவிகளை மட்டும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியை சர்வர் கணினியிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். அப்புறம் அது காட்டும் ஐபியோடு 8080 சேர்த்து அடித்தால் எங்கிருந்தும் உங்கள் அலமாரி கிடைக்கும்.

மாதம் ஒருமுறை, காலிபரை மூடிவிட்டு, நூலக ஃபோல்டரை முழுசாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.