வெட்டும் முன் பிடிக்க வேண்டும்: டிஎன்ஏ பழுதுநீக்கும் நொதியைப் படிகமாக்கும் முறை

குவானினில் ஓர் ஆக்ஸிஜன் ஏறினால் 8-ஆக்ஸோகுவானின் ஆகிறது. சைட்டோசினோடு மட்டும் சேர வேண்டியது அடினினோடும் ஜோடி போடத் தொடங்கும். அடுத்த நகலெடுப்புகளில் ஜி–சி இருந்த இடத்தில் டி–ஏ வந்து நிற்கும். மனித செல்லில் இதைத் தேடிப் பிடித்து அகற்றும் நொதி ஓஜிஜி1. நல்ல குவானினுக்கும் கெட்டதற்கும் அது கவனிக்கக்கூடிய வேறுபாடு இரண்டே அணுக்கள்: எட்டாம் இடத்து ஆக்ஸிஜன், ஏழாம் நைட்ரஜனில் புதிதாக ஒட்டிய ஹைட்ரஜன். அதை நொதி எப்படிக் கண்டுகொள்கிறது என்று பார்க்க எக்ஸ்-கதிர்ப் படிகவியல்தான், அதாவது மூலக்கூறுகளைப் படிகமாக்கி எக்ஸ்-கதிர் சிதறலிலிருந்து அவற்றின் வடிவத்தைக் கணிப்பதுதான், நேர்வழி.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. படிகம் வளர நாள்கணக்காகும். சம அளவில் கலந்த நொதியோ நிமிடங்களில் காரத்தை, அதாவது பழுதான டிஎன்ஏ எழுத்தை, வெட்டிவிடும். அதனால் நொதியைச் சரியான கட்டத்தில் நிறுத்தும் பொறி வேண்டும். நிறுத்தும் விதத்தைப் பொறுத்தே படத்தில் தெரிவதும் மாறும் என்பதால், குளோனிங்குக்கு முன்பே இதை முடிவு செய்வது நல்லது.

எந்தப் பொறி?

முதலில் முயல வேண்டியது திரிபு நொதி. 2000-இல் கிரெகரி வெர்டைனின் ஹார்வர்டு குழு ஓஜிஜி1-இன் 249ஆம் அமினோ அமிலமான லைசினைக் குளூட்டமினாக மாற்றி, 15 ஜோடி நீள டிஎன்ஏவோடு சேர்த்து 2.1 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் அமைப்பைத் தீர்த்தது. வெட்டும் வேலையில் சர்க்கரையைத் தாக்குவது அந்த லைசின். அது போனால் நொதி பிடிக்கும், வெட்டாது. செலவு குறைவு, சாதாரண டிஎன்ஏவே போதும். குறை ஒன்று உண்டு. அந்த லைசின் அருகிலிருக்கும் 253ஆம் சிஸ்டீனோடு சேர்ந்து காரம் அமரும் குழியின் மின்தன்மையைத் தீர்மானிக்கிறது. குழிக்குள் எது எதை ஈர்க்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், கேட்க வேண்டிய சாட்சியை நீங்களே வெளியேற்றியிருக்கிறீர்கள். 268ஆம் ஆஸ்பார்டேட்டை ஆஸ்பரஜினாக்கினால் லைசின் தப்பும். ஆனால் வேகம் குறையுமே தவிர, முற்றிலும் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

திரிபே வேண்டாம் என்றால் டிஎன்ஏவை மாற்றலாம். பழுதுபட்ட நியூக்ளியோடைடின் சர்க்கரையில் 2' இடத்தில் ஃபுளோரின் வைத்தால் காரத்துக்கும் சர்க்கரைக்கும் இடையிலான பிணைப்பு உடைய மறுக்கும். உடையும்போது சர்க்கரையில் உருவாக வேண்டிய நேர்மின்னூட்டத்தை ஃபுளோரின் நிலைகுலைக்கிறது. இயல்பான நொதியையே அப்போது பயன்படுத்தலாம். அந்த டிஎன்ஏவின் விலை மட்டும் கையைக் கடிக்கும்.

வெட்டிய பிறகான கட்டம் வேண்டுமானால் சோடியம் போரோஹைட்ரைடு. லைசினும் சர்க்கரையும் தற்காலிகமாக இணையும் ஷிஃப் காரத்தை அது ஒடுக்கி நிரந்தரமாக்கிவிடும். இறுதிச் செறிவு 50 முதல் 100 மில்லிமோலார், கரைசல் அன்றன்றைக்குக் கரைத்தது. பிஎச் 7-க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் குமிழியாகப் பொங்கி மருந்து வீணாகும். குழாயின் மூடியை இறுக்க வேண்டாம்.

பழுதில்லாத குவானினை நொதி சோதிக்கும் கணம் வேண்டும் என்றால் டைசல்ஃபைடு குறுக்கிணைப்பு (இரு கந்தக அணுக்களைப் பூட்டுவது) நல்ல வழி. அந்தப் பிடிப்பு அவ்வளவு பலவீனம். நொதியில் 149ஆம் ஆஸ்பரஜினைச் சிஸ்டீனாக்கி, எதிரிழையின் சைட்டோசினில் தயோல் வால் வைத்து, இரண்டையும் கட்டிப்போடுவார்கள். 2005-இல் அதே குழு இப்படிக் காட்டியது: நல்ல குவானினும் சுருளிலிருந்து வெளியே புரட்டப்படுகிறது, ஆனால் குழிக்குள் போகாமல் வாசலிலேயே நிற்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் இறங்க வேண்டாம். முதலில் திரிபில் ஒரு படிகம் எடுத்துப் பழகுங்கள்.

டிஎன்ஏ வடிவமைப்பு

ஒரே நீளத்தை நம்பிப் போகாதீர்கள். படிகத்தில் டிஎன்ஏத் துண்டுகள் பெரும்பாலும் நுனியோடு நுனி அடுக்கி நிற்கும். ஒரு ஜோடி கூடினாலோ குறைந்தாலோ சுருளின் திருப்பம் 34 பாகை அளவு மாறும், அடுக்கும் மாறிவிடும். 13 முதல் 16 ஜோடி வரை, மழுங்கிய நுனியிலும் ஒரு கார நீட்சியிலுமாக ஆறு வகையாவது வாங்குங்கள். பழுதை நட்ட நடுவில் வைப்பது கட்டாயமில்லை. இரு திசையிலும் ஒரேமாதிரி வாசிக்கும் வரிசையை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இல்லையென்றால் துண்டு படிகத்தில் இரண்டு விதமாகவும் அமர்ந்து, எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் குழம்பிய சராசரியாக வரும்.

8-ஆக்ஸோகுவானின் மேலும் ஆக்ஸிஜனேற்றம் அடையக்கூடியது. தொகுப்பின் முடிவில் அம்மோனியாவில் காப்புத் தொகுதிகளை நீக்கும்போது 0.25 மோலார் 2-மெர்காப்டோஎத்தனால் சேர்க்கச் சொல்லுங்கள். வந்ததும் நிறைநிரலில் பாருங்கள்: சாதாரண இழையைவிட 16 டால்டன் கூடியிருக்க வேண்டும். 32 கூடியிருந்தால் அது மேலும் ஆக்ஸிஜன் ஏறிய ஸ்பைரோ வகைச் சேதம். அந்தத் தொகுப்பைத் தூக்கிப் போடுங்கள்.

இணைக்கும் பஃபர்: 10 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.5, 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, வெப்பத்தொகுதியை அணைத்து அதிலேயே அறை வெப்பநிலைக்கு ஆற விடுங்கள். இரு இழைகளையும் 260 நானோமீட்டரில் தனித்தனியே அளந்து, வரிசைக்குரிய உறிஞ்சல் கெழுவைக் கொண்டு கணக்கிட வேண்டும். விற்பனையாளர் குழாயில் ஒட்டிய அளவை நம்பினால் ஓர் இழை மிஞ்சும். மிஞ்சிய ஒற்றை இழையும் புரதத்தில் போய் ஒட்டும்.

கலப்பதற்கு முன் ஒரு ஜெல்

இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். பின்னால் மாதக்கணக்கில் விலை கொடுப்பதும் அவர்கள்தான். 5' நுனியில் ஃபுளோரசீன் ஒட்டிய அதே டிஎன்ஏவைத் திரிபு நொதியோடு, படிகச் சொட்டில் இருக்கப்போகும் அதே வெப்பநிலையில் ஒரு வாரம் வையுங்கள். தினமும் சிறிது எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, 7 மோலார் யூரியா கலந்த 20% பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டுங்கள். ஹைட்ராக்சைடில் சூடாக்குவது ஏன் என்றால், ஓஜிஜி1 காரத்தை அகற்றியபின் இழையை அறுப்பதில் மந்தமானது. சூடாக்காவிட்டால் காரம் போன டிஎன்ஏவும் ஜெல்லில் முழு நீளமாகவே தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். நொதியில்லாத லேன் ஒன்று கட்டாயம். 8-ஆக்ஸோகுவானின் இழை சூட்டில் தானாகவும் சற்று உடையும்.

திரிபு நொதி செத்தது என்று தெரிந்தும் டிஎன்ஏ வெட்டுப்படுகிறதா? சந்தேகம் புரதத்தை வளர்த்த ஈ. கோலை பாக்டீரியா மேல் திரும்ப வேண்டும். அதன் சொந்த நொதியான எஃப்பிஜியும் 8-ஆக்ஸோகுவானினைத்தான் தின்னும், அதுவும் டிஎன்ஏவில் ஒட்டும் இனம் என்பதால் சுத்திகரிக்கும் ஹெப்பாரின் தூணில் உங்கள் புரதத்தின் பின்னாலேயே வந்துவிடக்கூடும். நீங்கள் மாற்றிய லைசினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தாக்குவது தன் முதல் அமினோ அமிலமான புரோலினால். வெட்டின் இருபுறமும் பாஸ்பேட்டை விட்டுச் செல்வதால் அதன் துண்டு, இழையை மட்டும் அறுத்த ஓஜிஜி1-இன் துண்டைவிட வேகமாக ஓடும். அதை ஒப்பிட மட்டும் ஹைட்ராக்சைடில் சூடாக்காத மாதிரி ஒன்றையும் ஓட்டுங்கள், ஏனென்றால் சூட்டுக்குப் பின் இரண்டும் ஒன்றாகிவிடும். எஃப்பிஜி மரபணு நீக்கிய ஈ. கோலையில் வளர்த்தால் இந்தத் தலைவலியே இல்லை.

சொட்டு

முனைகளைக் கத்தரித்த ஓஜிஜி1 சுமார் 36 கிலோடால்டன். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால் 278 மைக்ரோமோலார். 100 மைக்ரோலிட்டர் புரதத்தில் 27.8 நானோமோல் இருக்கும், டிஎன்ஏ 1.2 மடங்கு வேண்டும், அதாவது 33.4 நானோமோல். இரட்டை இழை 2 மில்லிமோலாரில் இருந்தால் 16.7 மைக்ரோலிட்டர். கலந்தபின் புரதம் 8.6 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கும். பனியில் அரை மணி நேரம் வையுங்கள். வெண்மையாகக் கலங்கினால் உப்பு குறைவு. சோடியம் குளோரைடை 150 மில்லிமோலார் வரை ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேல் போனால் டிஎன்ஏவின் பிடி தளரும்.

அடியிலுள்ள தேக்கத்தில் 500 மைக்ரோலிட்டர் கரைசல், அதன் மேல் தொங்கும் சொட்டில் புரதக் கலவை 1 மைக்ரோலிட்டர், தேக்கக் கரைசல் 1 மைக்ரோலிட்டர். பாலிஎத்திலீன் கிளைகால் 4000 அல்லது 8000, 8 முதல் 20% வரை, பிஎச் 6 முதல் 7.5 வரை, 4 டிகிரியிலும் 20 டிகிரியிலும். டைசல்ஃபைடு பொறி என்றால் டைசல்ஃபைடை உடைக்கும் டிடிடி, டிசெப் இரண்டும் எந்தப் பஃபரிலும் இருக்கக் கூடாது.

படிகம் வந்ததும் கொண்டாட வேண்டாம், அதில் டிஎன்ஏ இல்லாமலும் இருக்கலாம். ஒன்றை எடுத்து மூன்று முறை புதிய தேக்கக் கரைசலில் கழுவி, நீரில் கரைத்து, பாதியைப் புரதம் காட்டும் எஸ்டிஎஸ் ஜெல்லிலும் மீதியை டிஎன்ஏ காட்டும் யூரியா ஜெல்லிலும் ஓட்டுங்கள். இரண்டு ஜெல்லிலும் பேண்டு, டிஎன்ஏ முழு நீளம் என்றால்தான் 20–25% கிளிசராலில் நனைத்து உறைய வைத்து ஒத்திசைக் கதிர்நிலையத்துக்கு (சின்க்ரோட்ரான்) அனுப்பத் தகும்.

வரைபடத்தில் ஏமாறாமல் இருக்க

டிஎன்ஏ இல்லாத புரத மாதிரியைக் கொண்டு, தரவில் பதிவாகாத எக்ஸ்-கதிர் அலைகளின் கட்டத்தைத் (phase) தீருங்கள். மாதிரியில் முதலில் புரதத்தைக் கட்டுங்கள், பிறகு சுருளின் இரு முனைகளை. புரட்டிய காரத்தைக் கடைசிவரை வைக்காதீர்கள். காரத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்ட வேறுபாட்டு வரைபடத்தில், 3 சிக்மாவில் (இரைச்சலைவிட மூன்று மடங்கு உயரத்தில்) அது தானாக எழ வேண்டும். நீங்கள் முன்கூட்டியே வைத்தால் கணினி உங்கள் விருப்பத்தையே உங்களிடம் திருப்பிக் காட்டும். 3 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் எட்டாம் இடத்து ஆக்ஸிஜனைப் பார்த்தேன் என்று சொல்வது நம்பிக்கைதான், அவதானிப்பு அல்ல.

வரிசை ஒரு ஜோடி தள்ளி அமர்ந்துவிட்டதா என்ற ஐயம் வந்தால், ஒரு தைமினுக்குப் பதில் 5-புரோமோயூராசில் வைத்த டிஎன்ஏவில் படிகம் வளர்த்து 0.92 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் தரவு எடுங்கள். புரோமின் எந்த இடத்தில் மின்னுகிறதோ அதுதான் பதில். குறைந்த கதிரளவில் எடுக்க வேண்டும். கார்பன்–புரோமின் பிணைப்பை எக்ஸ்-கதிர் விரைவில் உடைத்துவிடும். டைசல்ஃபைடுக்கும் இதே கதி.

சரியாக வந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க 1இபிஎம் என்ற பதிவை புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து இறக்குங்கள். டிஎன்ஏ சுமார் 70 பாகை வளைந்திருக்கும். காரம் போன வெற்றிடத்தில் 149ஆம் ஆஸ்பரஜின் நுழைந்திருக்கும். தனித்துவிடப்பட்ட சைட்டோசினை 154, 204ஆம் ஆர்ஜினின்கள் பிடித்திருக்கும். குழிக்குள் 319ஆம் ஃபினைல்அலனினுக்கும் 253ஆம் சிஸ்டீனுக்கும் இடையில் 8-ஆக்ஸோகுவானின் படுத்திருக்கும். அங்கே அளக்க வேண்டிய ஒரே தூரம்: 42ஆம் கிளைசினின் கார்போனைல் ஆக்ஸிஜனிலிருந்து காரத்தின் ஏழாம் நைட்ரஜன் வரை. ஹைட்ரஜன் பிணைப்பாக இருக்க 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வர வேண்டும். எட்டாம் இடத்து ஆக்ஸிஜனை நொதி நேரடியாகத் தொடுவதில்லை. அந்த ஆக்ஸிஜனால் ஏழாம் நைட்ரஜனில் ஏறிய ஹைட்ரஜனைத்தான் அது தடவிப் பார்க்கிறது. சாதாரண குவானினில் அந்த ஹைட்ரஜன் கிடையாது.

உலோகத்தை நம்பி இயங்கும் பாலிமரேஸ் பீட்டா போன்ற பழுதுநீக்கும் நொதிகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. கால்சியத்தில் படிகம் வளர்த்தால் நொதி வேலை செய்யாமல் காத்திருக்கும். பின்னர் மெக்னீசியக் கரைசலில் வெவ்வேறு நேரம் நனைத்து, ஒவ்வொரு படிகத்தையும் உடனே திரவ நைட்ரஜனில் போட்டால் வினை படிப்படியாகக் கிடைக்கும். முதல் படிகத்தை நனைக்காமல் அப்படியே உறைய வையுங்கள். அது இல்லாமல் மற்றவற்றை எதனோடும் ஒப்பிட முடியாது.