வாடகைச் செலவு பூஜ்யமா?

கணக்கியல் மென்பொருளில் இருந்து எடுக்கும் செலவு அறிக்கையை ஒரு ஷீட்டில் ஒட்டுவேன். இன்னொரு ஷீட்டில் கணக்கு எண்ணைப் பார்த்துத் தொகையைக் கொண்டுவர எக்செலில் சம்இஃப்ஸ் (SUMIFS) என்ற சூத்திரம் இருக்கிறது; பொருந்தும் வரிகளின் தொகையைக் கூட்டித் தரும். போன மாதம் வரை ஓடியது. இந்த மாதம் வாடகை, சம்பளம் எல்லாமே பூஜ்யம். பிழை காட்டியிருந்தாலாவது பரவாயில்லை. பொருத்தம் கிடைக்காவிட்டால் சம்இஃப்ஸ் வாயே திறக்காது, 0 போட்டுவிட்டுப் போய்விடும்.

எண் எழுத்தாக வந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகம். ஆனால் அதற்கெல்லாம் முரண்டு பிடிப்பது மதிப்பைத் தேடித் தரும் விலுக்கப் (VLOOKUP) சூத்திரம்தான், சம்இஃப்ஸ் இல்லை. அப்புறம் எழுத்துகளை எண்ணும் லென் (LEN) போட்டுப் பார்த்தேன். 6010 என்ற நான்கு இலக்கத்துக்கு 5 என்றது. தேவையற்ற இடைவெளியை வெட்டும் டிரிம் (TRIM) போட்டேன், அப்போதும் 5. கோட் (CODE), ரைட் (RIGHT) இரண்டையும் சேர்த்துக் கடைசி எழுத்தின் குறியீட்டு எண் எதுவென்று கேட்டால் 160! சாதாரண இடைவெளிக்கு அது 32. டிரிம் வெட்டுவது அதை மட்டும்தான். 160 வலைப்பக்கங்களில் வரும் வேறு இடைவெளி. அவசரத்தில் கோப்பாக இறக்காமல், திரையில் தெரிந்த அறிக்கையை அப்படியே காப்பி செய்து ஒட்டியது நான்தான்.

சரி, பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, ஓர் எழுத்தை மாற்றும் சப்ஸ்டிட்யூட்டில் (SUBSTITUTE) கேர் 160-ஐ, அதாவது CHAR(160) என்ற அந்த இடைவெளியை நீக்கி, மொத்தத்தையும் எழுத்தை எண்ணாக்கும் வேல்யூவுக்குள் (VALUE) போட்டேன். சம்இஃப்ஸை அந்த நெடுவரிசைக்குத் திருப்பியதும் தொகைகள் வந்துவிட்டன. இப்போது என் கூட்டலுக்கும் அறிக்கையின் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட மேலே ஒரு செல் வைத்திருக்கிறேன்.