வேலி போடும் முன் கழிவைக் கணக்கெடுங்கள்: சுழற்சிப் பொருளாதாரத் தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தொழிற்சாலை கழிப்பதை இன்னொன்று மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும் இடம்தான் சுழற்சிப் பொருளாதாரத் தொழிற்பேட்டை. ஆனால் பல திட்டங்கள் கேட்பாரற்றுக் கிடக்கும் மலிவு நிலத்தில்தான் தொடங்குகின்றன. முதலில் வேலி, பிறகு பெயர்ப்பலகை, அதன் பிறகே கழிவைத் தேடும் படலம். இந்தத் தலைகீழ் வரிசைதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதன் பிள்ளைகள்.

ஆலைகள் கழிவைப் பகிர்ந்துகொள்வதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரத் தொழிற்சாலைக் கூட்டை யாரும் வரைபடத்தில் வட்டமிட்டு உருவாக்கவில்லை. 1961இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஏரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1972இல் அந்த ஆலையின் உபரி எரிவாயு பக்கத்து ஜிப்சம் பலகைத் தொழிற்சாலைக்குப் போனது. அனல்மின் நிலையத்தின் நீராவியும் சாம்பலும் பின்னர் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு குழாயும் இரண்டு அண்டை நிறுவனங்கள் லாபம் பார்த்துப் போட்ட ஒப்பந்தம். 1990களில் அமெரிக்காவில் இதையே திட்டமிட்டு உருவாக்க முயன்றார்கள். பெரும்பாலானவை தொடங்கவே இல்லை, அல்லது சாதாரணத் தொழிற்பேட்டைகளாகிப் போயின.

ஆகவே நிலம் தேடும் முன், சுற்றுவட்டாரத்தில் யார் எதைக் கழிக்கிறார்கள், எத்தனை டன், எந்தப் பருவத்தில், எவ்வளவு சுத்தமாக என்று கணக்கெடுக்க வேண்டும். எல்லாப் பொருளுக்கும் ஒரே தூர அளவு வைப்பதும் பிழை. நீராவி சில கிலோமீட்டருக்கு மேல் போனால் கட்டுப்படியாகாது. ஈரமான உணவுக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். தொலைவிலிருந்து கொண்டுவந்தால் தண்ணீருக்குத்தான் வண்டிக்கூலி. பழைய இரும்போ கடல் கடந்தும் போகும்.

அடுத்தது, நிலம் முழுவதையும் விற்பனை மனைகளாக அறுத்துவிடுவது. கழிவு ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வருவதில்லை. பிரிக்க, உலர்த்த, எடை போட, லாரிகள் காத்திருக்க இடம் வேண்டும். ஆலைகளுக்கிடையே குழாய்ப் பாதைக்கான நிலத்தை முதல் நாளிலேயே விட்டுவைக்க வேண்டும். கட்டடங்கள் எழுந்த பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. ஜப்பானின் சூழல் நகரத் திட்டம் 1997இல் தொடங்கியபோது முதலில் அனுமதி பெற்ற நகரங்களில் ஒன்று கிட்டாக்யூஷூ. அங்கே மறுசுழற்சி ஆலைகளுக்கு அருகிலேயே சோதனை ஆராய்ச்சிக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. இப்படி விற்காமல் விட்டுவைக்கும் நிலத்தை நஷ்டக் கணக்கில் எழுதுபவர்கள் இந்த வேலைக்கு வராமலிருப்பது நல்லது.

தாழ்வான நிலத்தைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. வெள்ளம் மட்டுமல்ல, தீயும்தான் காரணம். குவித்து வைத்த கழிவு எளிதில் பற்றிக்கொள்ளும். அணைக்க ஊற்றும் தண்ணீர் நச்சைச் சுமந்து தாழ்வை நோக்கி, நீர்நிலைக்கே ஓடும். 1986இல் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது அப்படி ஓடிய தண்ணீர் ரைன் நதியின் மீன்களைக் கொன்று குவித்தது. அந்தத் தண்ணீரைத் தேக்கும் தொட்டிக்கு இடம் ஒதுக்காத வரைபடத்துக்கு ஒப்புதல் தரக்கூடாது.

சட்டச் சொற்களில் கோட்டைவிடுவதும் வழக்கம். 'கழிவு' என்று முத்திரை விழுந்த பொருளை வாங்க, ஏற்றிச் செல்லத் தனி உரிமங்கள் தேவைப்படலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவு நெறிமுறை, எது துணைப்பொருள், எப்போது ஒரு பொருள் கழிவாக இருப்பது முடிகிறது என்று தனித்தனியே வரையறுக்கிறது. உள்ளூர்ச் சட்டத்தில் இதைப் பார்க்காமல் நில வகைப்பாட்டை மாற்றினால், ஆலை கட்டிய பிறகு கழிவு லாரி உரிமமில்லாமல் வாசலிலேயே நின்றுவிடும்.

மனைகள் காலியாக இருக்கிறதே என்று முதலில் வந்த கிடங்குக்குக் கொடுப்பது ஒரு தவறு. 'இது டயருக்கு மட்டும்' என்று எழுதிவைத்துப் பல ஆண்டுகள் பூட்டி வைப்பது அதற்கு எதிர்த்தவறு. கழிவைப் பயன்படுத்தும் எந்த ஆலையும் வரலாம், குறித்த காலத்தில் தொடங்காவிட்டால் நிலம் திரும்பும் என்ற நிபந்தனை எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரே பெரிய ஆலையை நம்பி மொத்தப் பேட்டையையும் வரைவது கடைசித் தவறு. கலுண்ட்போர்க் மின் நிலையமே பின்னர் நிலக்கரியை விட்டு மரச்சீவலுக்கு மாறியது. காற்றுக்கு அது நல்லது. ஆனால் நிலக்கரிப் புகையைச் சுத்திகரிக்கும்போது கிடைத்துவந்த ஜிப்சத்துக்கு, பலகை ஆலை வேறு இடம்தான் தேட வேண்டும்.