பிக்கிள்பால் காயங்கள்: வராமல் காப்பதும் வந்தால் தேறுவதும்

பேடில் எனும் மட்டையால் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பாலின் கோர்ட் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. ஷட்டில் இரட்டையர் கோர்ட்டுக்கும் இதே அளவுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1965இல் வீட்டு முற்றத்து விளையாட்டாகத் தொடங்கிய இந்த ஆட்டத்தில் பந்து மெதுவாக வருவதாலும், ஓட வேண்டிய தூரம் குறைவாக இருப்பதாலும், பல ஆண்டுகளாக எந்த விளையாட்டையும் தொடாதவர்கள்கூட ஐம்பது வயதுக்கு மேல் துணிந்து பேடிலைக் கையில் எடுக்கிறார்கள். ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. தினமும் காலையில் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவருக்கு மூச்சு வாங்காமல் இருக்கலாம். ஆனால் நடை என்பது முன்னோக்கி மட்டுமே செல்வது. பக்கவாட்டில் பாய்வதும், பாய்ந்த வேகத்தில் சட்டென்று நிற்பதும், குனிந்து எழுவதும் அவருடைய கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் பழக்கமில்லாதவை.

ஆகவே வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கோர்ட்டுக்குள் இறங்கக் கூடாது. பத்து நிமிடம் ஒதுக்கி, முதலில் வேகமாக நடந்து, பிறகு பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, குதிகாலை உயர்த்தி இறக்கி, தோள்களைச் சுழற்றி, கடைசியாக வலைக்கருகே நின்று மெதுவாகப் பந்தைத் தட்டிப் பழகினால் உடல் தயாராகிவிடும். அசையாமல் நின்று தசைகளை நீட்டும் பயிற்சிகளை ஆட்டம் முடிந்த பிறகு செய்யலாம்.

காலணியில் சிக்கனம் பார்ப்பது வீண். ஓட்டத்துக்கான ஷூவின் அடிப்பகுதி உயரமாகவும் மென்மையாகவும் இருப்பதால், பக்கவாட்டில் காலூன்றும்போது கணுக்கால் எளிதில் மடங்கிவிடும். ஷட்டில் அல்லது டென்னிஸ் ஆட்டத்துக்கான தட்டையான ஷூவே ஏற்றது. சிமெண்டுத் தரையில் ஆடுபவர்கள் மணலைப் பெருக்கிவிட்டும், மார்கழிக் காலையில் பனி ஈரத்தைத் துடைத்துவிட்டும் தொடங்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மதுரை வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிதல்ல. அப்போது காலை எட்டு மணிக்குள் ஆட்டத்தை முடித்துக்கொள்வது நல்லது. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் மிக ஆபத்தான பந்து எதுவென்று கேட்டால், தலைக்கு மேல் உயர்ந்து பின்னால் விழும் லாப்தான் என்பேன். அதைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடுபவர் மல்லாந்து விழுகிறார், விழும்போது கையை ஊன்றுகிறார், மணிக்கட்டு முறிகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதால் இந்த முறிவு இன்னும் எளிதில் நேர்கிறது. லாப் எழும்பியவுடன் இடுப்பைத் திருப்பி, பக்கக் கோட்டைப் பார்த்தபடி ஓட வேண்டும். எட்டாது என்று தோன்றினால் விட்டுவிட வேண்டும். போவது ஒரு புள்ளிதான்.

இத்தனைக்கும் பிறகு கால் பிசகினால், நம் பக்கத்தில் முதலில் நடப்பது சுளுக்கு எடுப்பதுதான். எண்ணெய் தடவி, வலிக்க வலிக்க நீவி, ‘சொடக்கு விழுந்துவிட்டது, இனி நடக்கலாம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். கணுக்கால் மடங்கும்போது எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் இழைகள் கிழிகின்றன. உள்ளே ரத்தம் கசிகிறது. வீக்கம் வருவது அதனால்தான். அந்த நிலையில் அழுத்தி நீவினால் கசிவு கூடும்; எலும்பில் கீறல் இருந்தால் அது விலகவும் கூடும். முதல் மூன்று நாட்கள் எண்ணெயும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். க்ரேப் பேண்டேஜை விரல் நுனியிலிருந்து அல்லாமல் பாதத்தின் நடுவிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலைத் தலையணையின் மேல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை ஒரு வேளைக்கு 15 நிமிடம் வரை வைக்கலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஐஸைத் தவிர்ப்பது நல்லது, தோல் புண்ணாவது அவர்களுக்குத் தெரியாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும், ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

எக்ஸ்ரே வேண்டுமா என்பதை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். அடிபட்டவுடனோ பிறகோ நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும், கணுக்கால் எலும்பின் பின் விளிம்பை விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலும், தாமதிக்காமல் ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள எலும்பு மருத்துவரிடமோ செல்ல வேண்டும். முறிவு இல்லை என்று உறுதியானால், மூன்றாம் நாளிலிருந்தே அசைவைத் தொடங்கலாம். நாற்காலியில் அமர்ந்து கால் பெருவிரலால் காற்றில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதினால், கணுக்கால் எல்லாத் திசைகளிலும் திரும்பிவிடும். நம் எழுத்துகளின் வளைவு இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பிறகு சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதும், குதிகாலை உயர்த்துவதும் தொடர வேண்டும். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகுவது மிகச் சாதாரணம். அதைத் தடுப்பது இந்தப் பயிற்சிகளும், ஆட்டத்தின்போது அணியும் கணுக்கால் உறையும்தான்.

ஆடும்போது யாரோ பின்னாலிருந்து குதிகாலுக்கு மேல் உதைத்தது போல் தோன்றி, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையென்றால், அதைச் சுளுக்கு என்று விடக் கூடாது. அடிபட்டவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, பாதம் விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி செய்து, கெண்டைச் சதையைக் கையால் பிழிந்து பார்க்க வேண்டும். பாதம் கீழ்நோக்கி அசையாவிட்டால், கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இந்த நாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை என்பதால், அவற்றை எடுத்துவருபவர்கள் கோர்ட்டுக்குத் திரும்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

முழங்கையின் வெளிப்புற வலி வேறு வகை. ஒரே நாளில் வராது, ஒரே நாளில் போகவும் போகாது. ஈரத்துணியைப் பிழியும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் வலித்தால் இதுவாக இருக்கலாம். பேடிலை இறுகப் பிடிப்பதும், புறங்கை முன்னே வர அடிக்கும் பேக்ஹேண்டை மணிக்கட்டால் மட்டும் சுண்டி அடிப்பதும் முக்கியக் காரணங்கள். முன்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மறு கையால் மணிக்கட்டை உயர்த்தி, வலிக்கும் கையால் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று என்று ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை செய்தால்தான் பலன் தெரியும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைத்தாலும், ஓராண்டு கழித்துப் பார்த்தால் பயிற்சி செய்தவர்களே நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

கண்ணைக் காக்க, எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போதும். பந்து பட்ட பிறகு மின்னல் வெட்டுவது போலவோ, திரை விழுவது போலவோ தெரிந்தால், அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற கண் மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும்.

வலி நின்ற நாளை ஆட்டத்துக்குத் திரும்பும் நாளாகக் கொள்ளக் கூடாது. காலில் அடிபட்டவர், நல்ல காலால் எத்தனை முறை குதிகாலை உயர்த்த முடிகிறதோ அத்தனை முறை அடிபட்ட காலாலும் உயர்த்தி, அதே காலில் வலியின்றிக் குதிக்கவும் முடிந்தால் தொடங்கலாம். முதல் வாரம் இரட்டையர் ஆட்டம் அரை மணி நேரம் மட்டும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். ஆடிய மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடியில் வலியோ வீக்கமோ முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால், அன்று ஓய்வெடுத்துவிட்டு, அடுத்த முறை ஆடும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.