சாவின் இரவுச் சடங்கு: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

இங்கிலாந்தின் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பிறகு, ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய நவீன சூனிய சமய நெறியே விக்கா. சூனியம் என்றதும் நமக்குச் செய்வினையும் எலுமிச்சம்பழமும் நினைவுக்கு வரலாம். இங்கே விளக்கப்போகும் சடங்கில் எவருக்கும் எதுவும் ஏவப்படுவதில்லை. விக்காவின் ஆண்டுச் சக்கரத்தில் உள்ள எட்டு விழாக்களில், அக்டோபர் 31 அன்று இரவு வருவது ஐரிஷ் மொழிப் பெயர் கொண்ட சாவின். பெயர் தமிழ்ச் சொல்போல ஒலிப்பது தற்செயலே. கோடையின் முடிவு என்றுதான் அதற்குப் பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். இறந்தோருக்கும் இருப்போருக்கும் இடையிலான திரை அன்று மெலிந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆஸ்திரேலியா போன்ற தென்கோள நாடுகளில் இருப்பவர்கள், அங்கு இலையுதிர்காலமாகிய ஏப்ரல் இறுதியில் இதைச் செய்கிறார்கள்.

முதலில் ஒரு சிறு மேசையைத் துடைத்து, அதன்மேல் மறைந்த உறவினர் ஒருவரின் படம், ஒரு மெழுகுவர்த்தி, கிண்ணத்தில் தண்ணீர், சிறிது உப்பு, ஓர் ஆப்பிள், கத்தி, சூடு தாங்கும் பாத்திரம் ஆகியவற்றை வையுங்கள். கடையில் விற்கும் விலையுயர்ந்த சடங்குக் கத்தி தொடக்கத்தில் தேவையே இல்லை.

அடுத்து வட்டமிட வேண்டும். கிழக்கில் தொடங்கி வலஞ்சுழியாக நடந்து, கிழக்கில் காற்றையும் தெற்கில் நெருப்பையும் மேற்கில் நீரையும் வடக்கில் நிலத்தையும் உங்கள் சொந்தச் சொற்களிலேயே அழையுங்கள்.

வட்டத்துக்குள் அமர்ந்ததும் ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் காம்பிலிருந்து கீழ்நோக்கி வெட்டாமல், பழத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, நடுவில் குறுக்காக ஒரே வெட்டாக வெட்டினால், விதையறைகள் ஐந்தும் சேர்ந்து ஐம்முனை நட்சத்திரமாகத் தெரியும். விக்காவினர் போற்றும் அடையாளம் பழத்துக்குள்ளேயே இருப்பதை முதன்முறை பார்க்கும்போது, எத்தனையோ ஆப்பிள் தின்றும் இதைக் கவனிக்கவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு பாதியைப் படத்தின் முன் வைத்து, மறு பாதியை அவரை நினைத்தபடியே மெதுவாகத் தின்னுங்கள்.

பிறகு, இந்த ஆண்டோடு விட்டுவிட விரும்பும் ஒன்றை ஒரு தாளில் எழுதி, மெழுகுவர்த்தியில் பற்றவைத்துப் பாத்திரத்தில் இடுங்கள். தாள் உள்ளங்கையைவிடச் சிறியதாக இருக்கட்டும். நான் முதல் ஆண்டில் ஒரு முழுத் தாள் நிறையக் குறைகளை எழுதிக் கொளுத்தியதில், வாடகை வீட்டின் புகை எச்சரிக்கை மணி அலறி, அண்டை வீட்டாரெல்லாம் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள். திரைச்சீலைக்கு அருகிலும் உட்காராதீர்கள்.

விரும்பினால் இதன்பின் மௌன விருந்து நடத்தலாம்: மறைந்தவருக்கும் ஒரு நாற்காலியும் தட்டும் இட்டு, அவருக்குப் பிடித்த உணவைப் பரிமாறி, கடைசிக் கவளம்வரை ஒரு சொல்லும் பேசாமல் உண்பதே அதன் முறை. தனியாகச் செய்பவர்களுக்கு இது எளிது. குடும்பத்தோடு உண்ணும்போது உப்பைக்கூடக் கையசைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

முடிவில், அழைத்த நான்கிற்கும் நன்றி கூறி, இடஞ்சுழியாக நடந்து வட்டத்தைக் கலைத்து, சுடரை அணைத்துவிடுங்கள். சாம்பல் முழுதும் ஆறியபின் தண்ணீர் தெளித்துக் குப்பையில் சேருங்கள். படத்தின் முன் வைத்த அரை ஆப்பிளை மறுநாள் காலை மண்ணில் புதைப்பது வழக்கம். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பூந்தொட்டியே போதும்.